கையில் ப்ளே

பண்ணைக்காடு
நவம்பர் 3, 2025

ஷிபானாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று உன் தம்பி ஹபீபிடம் காட்டிச் சிரிக்காதே. ஏப்ரலில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி ஜீப் இறங்கிய கை இது. மணிக்கட்டுக்குள் தகடு கிடக்கிறது. நடுங்கத்தான் செய்யும்.

இன்று காலையில் ஹபீப் போன் பண்ணினான். "சுதாக்கா, மதுரைப் போட்டிக்கு உங்க பேருக்குப் பதிலா என் பேரைக் குடுத்திருக்கு எங்க அக்கா. நீங்க கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க" என்றான். என் இடத்தைப் பறித்தது பெரிதில்லை. அதைச் சொல்ல ஒரு ஆளை அனுப்பினாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டேன், போன் போகவில்லை. என் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறாய். நல்லது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஜெயமுருகன் கொடைக்கானல் வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை உன்னால் பிளாக் பண்ண முடியாதல்லவா?

நேற்று உன் கடைக் கம்ப்யூட்டர் விளையாட்டில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். உன் பக்கத்தில் பறந்துகொண்டிருந்த என் விமானம் உன் இறக்கையில் மோதியது. இரண்டும் விழுந்தன. கம்ப்யூட்டரில் விமானம் விழுவது உலகத்தில் நடக்காத காரியமா? போன வருஷம் நீ நேராகக் கொண்டுபோய் மலையில் முட்டினாயே, நான் ஏதாவது சொன்னேனா? ஆனால் நீ ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, லேப்டாப் ரிப்பேருக்கு வந்து நின்ற ஆட்கள் எல்லோர் முன்னாலும், நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாய்: "உன் கையில ப்ளே வந்துருச்சு, சுதா."

அந்த வார்த்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சக்கரம் திரும்பாமல் சும்மா ஆடுகிற அந்தக் கொஞ்சூண்டு இடத்தை ஜீப்காரர்கள் ப்ளே என்போம். ப்ளே விழுந்த வண்டி என்று தெரிந்தால் இந்த மலையில் ஒரு ஆள் ஏற மாட்டான். அது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

ஜீப்பை இப்போது என் வீட்டுக்காரர் தனசேகர்தான் ஓட்டுகிறார். வளைவில் என் வலது கை நிற்கவில்லை. ஆள் ஏற்றுகிற வண்டி, அதில் நான் வீம்பு பிடிக்கவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டேன். ஆனால் உன் கடையில் பறக்கிற விமானத்தில் யார் ஏறப்போகிறார்கள்? அதில் எனக்கு எதற்கு ரெஸ்ட்? கொரோனா வருஷம் டூரிஸ்ட் வராமல் ஜீப் சும்மா நின்றபோது, உன் கடையிலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, நாம் இரண்டு பேரும்தான் இதை ஆரம்பித்தோம். ஹபீப் அப்போது ஜாய்ஸ்டிக்கை மிக்ஸி பாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

என் பெயரைத் திரும்பப் போடு. அவ்வளவுதான்.

சுதாராணி


கொடைக்கானல்
நவம்பர் 6, 2025

சுதா,

வாழைப்பால் கறையோடு உன் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கவுண்டரில் அத்தா பக்கத்தில் இருக்கும்போது நீ போனில் என்னை என்னென்ன சொன்னாய் என்று யோசித்துப் பார். ஸ்பீக்கரில் இருந்தது. அத்தா கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு "சுதா நல்லாத்தானம்மா பேசும்?" என்று கேட்டார். பிளாக் பண்ணாமல் என்ன பண்ணுவது?

ஹபீபை நான் அனுப்பவில்லை. அவனே முந்திரிக்கொட்டையாகப் போன் பண்ணிவிட்டான். நானே சொல்லியிருக்க வேண்டும், அது சரி. ஆனால் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இது ஜோடிப் போட்டி. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கோபத்தில் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. ஒருத்தி முன்னால் போய்ச் சுடுவாள். மற்றவள் அவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்து முதுகைக் காப்பாள். பக்கத்து ஆள் தடுமாறினால் முன்னால் போகிறவளும் காலி. போன ஜனவரியில் மதுரையில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். அங்கே இருந்த பையன்கள் "கொடைக்கானல் அக்காங்க சுத்திப்பார்க்க வந்திருக்காங்க" என்றார்கள். உனக்கு அது ஒரு காதில் போய் மறு காதில் வந்திருக்கும். எனக்கு இன்னும் போகவில்லை. இந்த முறை நான் ஜெயிக்கத்தான் போகிறேன், சுற்றிப்பார்க்க இல்லை.

ஹபீப் உன்னளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை. வட்டக்கானல் கெஸ்ட்ஹவுஸில் நாளெல்லாம் ரூம் பார்க்கிற பையன், சாயந்திரம்தான் வருகிறான். ஆனால் அவன் கை நிற்கிறது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

அன்றைக்கு ப்ளே என்றதைக்கூட மெதுவாகத்தானே சொன்னேன்? கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா?

கடையின் ஜாய்ஸ்டிக் உன் வீட்டில்தான் இருக்கிறது. ஹபீப் பழக வேண்டும். ஜெயமுருகனிடம் கொடுத்துவிடு.

ஷிபானா


பண்ணைக்காடு
நவம்பர் 9, 2025

ஷிபானாவுக்கு,

குச்சி வராது.

அனுப்புவதாகத்தான் இருந்தேன். மிளகுச் சாக்கு ஒன்றைக் கிழித்துச் சுற்றவும் செய்தேன். சுற்றினவள் கடைசியாக ஒரு தரம் பறந்துவிட்டுக் கொடுக்கலாம் என்று என் லேப்டாப்பில் மாட்டினேன். இங்கே நெட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது, தனியாகத்தான் பறந்தேன். மோதுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் நிதானமாகக் கவனித்தேன். குச்சியை இடது பக்கம் கொஞ்சம் அசைத்தேன், விமானம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம், கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் பொசுக்கென்று பாய்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் இறக்கை மேல் பாய்ந்தது மாதிரியே.

எனக்கு இது ஜீப்பில் தெரிந்த நோய். செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். செப்டம்பரில் குச்சியோடு நீ பென்டிரைவில் போட்டுக்கொடுத்த அதே செட்டிங்தான், நான் எதையும் தொட்டதில்லை. டெட் ஸோன் பதினெட்டு என்று இருக்கிறது. நடுவில் குச்சி எவ்வளவு ஆடினாலும் விமானம் கண்டுகொள்ளாத இடம் அது. உன்னுடையதில் இரண்டு. பழைய நாளில் என்னுடையதிலும் இரண்டு. பதினெட்டு எங்கிருந்து வந்தது, ஷிபானா? தானாக முளைத்ததா?

என் நடுக்கம் திரையில் தெரியாமல் இருக்க நீ வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல். அப்புறம் நீ வைத்ததனாலேயே நான் மோதினேன், அதற்கு என் கையைச் சொன்னாய். ப்ளே என் கையிலா இருந்தது? நீ போட்ட எண்ணில் இருந்தது.

என் கை நடுங்குகிறது என்று எனக்குத் தெரியும். காபிக் கோப்பை தூக்கும்போது தெரியும், இந்தக் கடிதம் எழுதும்போது தெரியும். என்னிடமிருந்தே அதை ஒளித்துவைக்க நீ யாரடி? இரண்டு மாதமாக நான் நன்றாகப் பறக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தனசேகரிடம் பீற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ என் இடத்தைத்தான் எடுத்தாய் என்று நினைத்தேன். அதற்கு வெகு முன்னாலேயே எடுத்துவிட்டாய்.

ஆமா இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. சுற்றி வளைக்காதே.

சுதாராணி


கொடைக்கானல்
நவம்பர் 12, 2025

சுதா,

ஆமா.

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்து அடுத்த வரியைப் படிக்காதே. ஆகஸ்டில், கட்டுப் பிரித்த பிறகு நீ முதல் முறையாகக் கடைக்கு வந்த அன்று எப்படிப் பறந்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? ஓடுபாதையை விட்டு நேராக எழும்ப முடியவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாய். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றாய். எங்கள் கடைப் பாத்ரூமில் சோப்பே கிடையாது, சுதா. நான்தான் வாங்கிப்போட மறந்திருந்தேன்.

நீ தண்ணீர் குடிக்கிற நேரத்தில் எண்ணை மாற்றினேன். அடுத்த முறை நேராக எழும்பினாய். சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு "ஒரு நிமிஷம் சுதா, அது டெட் ஸோன் பதினெட்டு" என்று என்னால் சொல்ல முடியவில்லை. உன்னால் முடிந்திருக்குமா? முடிந்திருந்தால் நீ என்னைவிடப் பெரிய மனுஷி, ஒத்துக்கொள்கிறேன்.

மோதினதற்கு அந்த எண்ணும் காரணமாக இருக்கலாம். நான் அப்படி யோசிக்கவில்லை, யோசித்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக உன் கை சரியாகிவிட்டது என்று ஆகிவிடுமா? டெட் ஸோனைச் சுழியம் ஆக்கு. நடுக்கம் மொத்தமும் விமானத்துக்குப் போகட்டும். அப்போது பறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது. என் மேல் கோபப்படுவது சுலபம்தான். அந்தத் திரையைப் பார்.

நான் கெட்டவள் என்றால் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஜனவரியில் ஜெயித்த கெட்டவளாக.

ஷிபானா


பண்ணைக்காடு
நவம்பர் 20, 2025

ஷிபானாவுக்கு,

சுழியம் ஆக்கினேன்.

நீ சந்தோஷப்படு, கேவலமாக இருந்தது. எதிரி விமானத்தை நடுவில் வைத்தால் அது இடுப்பில் கட்டெறும்பு ஏறினவன் மாதிரி துள்ளுகிறது. துள்ளுவது அது இல்லை, நான். ஒரு குண்டும் படவில்லை. முதல் நாள் குச்சியை மேசை மேல் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். "அதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழுற? காப்பிப் பழம் பறிக்க ஆளு வந்துருக்கு, போயி அந்தச் சோலியப் பாரு" என்றார் தனசேகர். அவரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார், நீ பக்கத்தில் இல்லை.

மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். சோப்பைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு உட்காராமல் இருக்க முடியுமா?

ஒரு விஷயம் கவனித்தேன். குச்சி நடுவில் சும்மா நிற்கும்போதுதான் கை ரொம்ப ஆடுகிறது. இழுத்துப் பிடித்திருக்கும்போது அவ்வளவு இல்லை. ஜீப்பிலும் இப்படித்தான். ப்ளே விழுந்த ஸ்டியரிங்கை நேர் ரோட்டில்தான் பிடிக்க முடியாது, ஒரு பக்கமாக அழுத்தித் தாங்கிக்கொண்டால் ஆட்டம் தெரியாது. அதனால் டிரிம்மை வேண்டுமென்றே கெடுத்துவிட்டேன். கையை எடுத்தால் மூக்கு கீழே போகிற மாதிரி வைத்திருக்கிறேன். விமானத்தை நேராக வைக்கவே எப்போதும் குச்சியை என் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கை சும்மா இருக்கிற நேரமே கிடையாது.

நீ தலையில் அடித்துக்கொள்வாய் என்று தெரியும். பறக்கிறவர்கள் எல்லோரும் கையை விட்டாலும் நேராகப் போகிற மாதிரி டிரிம் வைப்பார்கள், நான் தலைகீழாகச் செய்கிறேன். முழங்கை வலிக்கிறது. நடுக்கம் போகவில்லை, பாதி அடங்கியிருக்கிறது. அந்தப் பாதி எனக்குப் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறேன். ஹபீபோடு மோதுகிறேன். என் செட்டிங் என் பென்டிரைவில் இருக்கும். நீ அதைத் தொட்டால் அன்றோடு சரி.

சுதாராணி


கொடைக்கானல்
நவம்பர் 25, 2025

சுதா,

நீ வந்தாய், பறந்தாய், ஒரு வாய் டீ குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். பேசியிருந்தால் ஒரு தாள் மிச்சம்.

முதலில் நல்லதை எழுதுகிறேன். உன் டிரிம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்தான். அப்படி யாரும் பறக்க மாட்டார்கள். ஆனால் ஹபீபிடம் இரண்டு முறை தோற்றவள் மூன்றாவது முறை அவனைப் புகையோடு கீழே இறக்கிவிட்டாய். அவன் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறான். "அக்கா, அவங்க கை ஆடுறதால வண்டி அங்கிட்டும் இங்கிட்டும் போகுது, எய்ம் பண்ணவே முடியல. அது அவங்களுக்கு ஒரு ப்ளஸ் பாயிண்ட்டுதான்" என்கிறான்.

இன்னொன்று. உன் செட்டிங்கில் கர்வ் நேர்கோடாக இருக்கிறது. அதை முப்பதுக்கு வைத்தால் குச்சியின் நடுப்பகுதியில் விமானம் மெதுவாகக் கேட்கும், ஓரத்துக்குப் போகப் போக வேகமாகக் கேட்கும். டெட் ஸோன் மாதிரி இல்லை, எந்த அசைவையும் விழுங்காது. வைத்துப் பார்க்கிறாயா? கேட்டுத்தான் எழுதுகிறேன், நானாக எதையும் தொடவில்லை.

இனி கெட்டது. கடைசியில் ஜோடியாக ஒரு சுற்று பறந்தோமே, அதில் என் பக்கத்தில் உன்னால் நிற்க முடியவில்லை. இரண்டு முறை நான் விலகி வழிவிட்டேன், உனக்குத் தெரிந்திருக்கும். தனியாகச் சண்டை போட உன் கை போதும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பறக்கப் போதாது. போட்டியில் அதுதான் உன் வேலை.

மூன்றாவது ஆளாக ஒரு பெயர் கொடுக்கலாம் என்கிறார்கள். ரிசர்வ். உன் பெயரைக் கொடுக்கிறேன். பனியன், சாப்பாடு, எல்லாம் உண்டு. ஹபீபுக்கு உடம்பு சரியில்லை என்றால் நீ இறங்கலாம். சம்மதம் என்று எழுது.

ஷிபானா


பண்ணைக்காடு
நவம்பர் 28, 2025

ஷிபானா,

கர்வ் முப்பது வைத்தேன். நன்றாக இருக்கிறது. அதற்கு நன்றி. கடிதத்தில் நன்றி இந்த ஒரு இடத்தில்தான்.

உன் தம்பிக்குச் சொல். நீ என் நடுக்கத்தை மூடிவைத்தாய், அவன் அதற்கு மாலை போடுகிறான். இரண்டும் வேண்டாம். அது ப்ளஸ் பாயிண்ட் இல்லை, அடிபட்ட கை. நான் அவனை வீழ்த்தினது வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்ததால். பண்ணைக்காட்டு ரோட்டில் ஓட்டினவர்களுக்கு அது தெரியும். தோற்றபோதும் நான்தான் தோற்றேன், கை இல்லை. என் தோல்வியையாவது என்னிடம் விட்டுவையுங்கள்.

ரிசர்வ் வேண்டாம். உன் பனியனைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து கைதட்ட அத்தனை தூரம் வர மாட்டேன்.

நீ சொன்னது சரிதான், பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை. நீ விலகியது எனக்கும் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது பூரா அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மலை ரோட்டில் இரண்டு வண்டி சேர்ந்து போனால் முன்வண்டிக்காரன் அவன் பாட்டுக்குப் போவான். பின்னால் வருகிறவனுக்குத்தான் கால் பிரேக்கிலேயே கிடக்கும். முன்னால் இருப்பவன் ஒரு அடி ஒதுங்கினால் இவனும் ஒதுங்க வேண்டும், மெதுவாக்கினால் இவனும் மெதுவாக்க வேண்டும். முழுக்க முழுக்க பொடிப்பொடி அசைவு. என் கைக்கு வராதது அந்தப் பொடி அசைவுதான். பெரிய வளைவு, பெரிய இறக்கம், சுடுவது, அதெல்லாம் வருகிறது. நீயே எழுதிவிட்டாய்.

நடுங்காத கை யாருக்கு இருக்கிறது? உனக்கு. அப்படியென்றால் நுணுக்கமான சோலியை யார் பார்க்க வேண்டும்?

என் பழைய இடத்தை நான் கேட்கவில்லை, ஷிபானா. உன் இடத்தைக் கேட்கிறேன். நான் முன்னால் போகிறேன். நீ என் பக்கத்தில் வா.

சுதாராணி


கொடைக்கானல்
டிசம்பர் 1, 2025

சுதா,

உனக்குக் கொழுப்பு கூடிவிட்டது.

கடை என்னுடையது. கம்ப்யூட்டர் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது. ஐந்து வருஷமாக முன்னால் போனவள் நான். எங்கே திரும்ப வேண்டும், யாரை முதலில் விரட்ட வேண்டும், எப்போது விட்டுவிட்டு ஓட வேண்டும், எல்லாம் நான் பார்த்தது. ரிசர்வ் கொடுத்தால் தலைமை கேட்கிறாய். நாளைக்குக் கடைப் பலகையில் உன் பெயரை எழுதச் சொல்வாயா?

உன் கடிதத்தை ஹபீப் படித்துவிட்டான். கவுண்டரில் வைத்தது என் தப்பு. படித்துவிட்டு "அக்கா, அவங்க சொல்றது நெசந்தானே?" என்று கேட்டான். கோபத்தில் அவனை வட்டக்கானலுக்கே விரட்டிவிட்டேன்.

முடியாது. இதுதான் என் பதில். முன்னால் பறந்து பழகினவளைப் பக்கத்தில் பறக்கச் சொன்னால் எப்படிப் பறப்பாள்? எனக்கு அது வருமா வராதா என்றே தெரியாது. இதுவரை முயற்சி பண்ணியதில்லை. மதுரைக்குப் போய், அந்தப் பையன்கள் முன்னால், தெரியாத வேலையை நான் பழகிக்கொண்டிருக்கணுமா?

ஞாயிற்றுக்கிழமை வா. உன் ஆசைக்கு ஒரு சுற்று. நீ முன்னால் போ. இரண்டு நிமிஷத்தில் இரண்டு பேரும் விழுவோம், அத்தோடு இந்தப் பேச்சு தீரும்.

ஷிபானா


பண்ணைக்காடு
டிசம்பர் 3, 2025

ஷிபானா,

வருகிறேன். வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். கடையை வெரசாத் திற.

ஒரு சுற்றோடு எழுந்திருக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். எனக்குப் பக்கத்தில் பறந்து பழக ஐந்து வருஷம் ஆனது. உனக்கு ஒரு நாளாவது வேண்டாமா?

சுதா


கொடைக்கானல்
டிசம்பர் 8, 2025

அன்புள்ள சுதா,

நீ போனதும் கடையைப் பூட்டிவிட்டேன். வலது கை தோள்வரை மரத்துப்போய்விட்டது. சாவியைப் பூட்டில் நுழைக்க முடியவில்லை, அத்தா வாங்கிப் பூட்டினார்.

ஐந்து வருஷமாக நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. ஒன்றுமே பார்த்திருக்க மாட்டாய். என் இறக்கை நுனியை மட்டும் பார்த்திருப்பாய். நான் வானத்தைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன், எதிரியை முதலில் கண்டுபிடித்துவிட்டு நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று ஒரு தரம் தலையைத் திருப்பி எதிரி எங்கே என்று பார்த்தேன். அதற்குள் நீ எங்கேயோ போய்விட்டாய். அப்புறம் நான் பார்க்கவே இல்லை. நீ "வலது பக்கம், மேலே ரெண்டு பேரு" என்றால் இருக்கிறார்கள் என்று நம்பினேன். அவ்வளவு பயமாக இருந்தது எனக்கு.

மூன்றாவது சுற்றில் உன் வாலை இடித்தேனே, கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். நீ ஹெட்செட்டையும் கழற்றவில்லை, குரலையும் தணிக்கவில்லை. "ஏடி எருமை, கண்ணு பொடதியிலயா இருக்கு? மறுபடி ஏறுடி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மறுபடி ஏறினேன். அப்போதுதான் புரிந்தது, உன்னிடம் அன்றைக்கு நான் மெதுவாகப் பேசியது எவ்வளவு பெரிய அநியாயம் என்று. கத்தியிருந்தால் நீயும் மறுபடி ஏறியிருப்பாய்.

ஏழாவது சுற்றோ எட்டாவதோ, அதில் இறக்கம் முடிகிற வரை உன் பக்கத்திலேயே நின்றேன். நீ கவனித்தாயா தெரியவில்லை. நான் கவனித்தேன். இதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. இதை ஐந்து வருஷம் செய்தவளிடமா ரெஸ்ட், ரிசர்வ் என்று பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது. நீ முன்னால் ஆடி ஆடித்தான் போகிறாய், அதை மறைத்து எழுத மாட்டேன். ஆட்டம் எனக்குப் பழகிக்கொண்டிருக்கிறது.

இன்று காலையில் மதுரைக்குப் போன் பண்ணிப் பெயரை மாற்றச் சொன்னேன். "ரெண்டு பேருல லீடு யாரு மேடம்?" என்று கேட்டார்கள். சுதாராணி, பண்ணைக்காடு என்றேன். "அவங்க போன தடவை பக்கத்துல, விங்குலதானே பறந்தாங்க?" என்றார்கள். ஆமா, இந்தத் தடவை நான் பறக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ஹபீப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இடம் போனதில் அவனுக்கு வருத்தம் இருக்காதா? இருந்தது. போனை வைத்ததும் கேட்டான்: "மதுரையில அத்தனை பேரு முன்னாடி சுதாக்காவுக்குக் கை நடுங்குச்சுன்னா என்னக்கா பண்ணுவ?"

"நடுங்கட்டும்ல" என்றேன். "அவ எந்தப் பக்கம் போறாளோ அந்தப் பக்கம் நான் போவேன்."

ஷிபானா